நிறுத்திய விமானத்தில் ஃபியூயல் செலக்டர் ஆனா, ஆஃபா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு எஞ்சின் கொண்ட சிறிய விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஃபியூயல் செலக்டரைப் பொதுவாக ஆனிலேயே விட்டுவிடலாம் என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். எந்த டேங்கிலிருந்து எந்த எஞ்சினுக்கு எரிபொருள் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற வால்வுதான் அது. அந்த ஒரு வரியை வைத்தே இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சி. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான்.

கேள்வி: ஃபுளோரிடாவில் பைப்பர் செமினோல் விமானத்தில் மல்ட்டி எஞ்சின் பயிற்சி எடுக்கிறேன். எனக்கு இரண்டு பயிற்றுநர்கள். ஒருவர் எஞ்சினை நிறுத்தியதும் இரண்டு செலக்டரையும் ஆஃப் செய்யச் சொல்கிறார். இன்னொருவர், "கை வைக்காதே, ஆனிலேயே விடு" என்கிறார். தேர்வுக்கு முன்னால் எதைப் பழகிக்கொள்வது, சார்?
(மாணவர், ஃபுளோரிடா)

தம்பி, முதலில் உங்கள் விமானத்தின் கையேட்டைத் திறந்து எஞ்சினை நிறுத்தும் பகுதியைப் படியுங்கள். அங்கே ஆஃப் என்று இருந்தால் ஆஃப்தான், அதற்கு மேல் விவாதமே கிடையாது. பல சிறிய விமானங்களின் கையேடுகளில் அந்த இடத்தில் செலக்டரைப் பற்றிப் பேச்சே இருக்காது. ரேடியோக்களை அணை, மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கிற எரிபொருளின் அளவை மாற்றும் லீவர்) முழுக்க இழு, மேக்னட்டோவை (எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கருவி) அணை, மாஸ்டர் ஸ்விட்சை அணை, அவ்வளவுதான். கையேடு பேசாத இடத்தில்தான் ஆளுக்கொரு பழக்கம் முளைக்கிறது, உங்கள் இரண்டு பயிற்றுநர்களும் மோதிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

ஆஃப் செய்யச் சொல்பவர் காரணமில்லாமல் சொல்லவில்லை. கார்புரேட்டரில் மிதவை வால்வு சரியாக மூடாமல் போனாலோ, எங்காவது ஒரு இணைப்பு லேசாகக் கசிந்தாலோ, இரவு முழுக்கச் சொட்டிக் காலையில் எஞ்சினுக்கு அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும். மூடிய ஹேங்கருக்குள் அது நடந்தால் விளையாட்டில்லை. செஸ்னா 172 போல இறக்கை மேலே இருக்கிற விமானத்தில் டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் புவியீர்ப்பே எரிபொருளைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும், அங்கே இந்த வாதத்துக்கு வலு அதிகம். செமினோல் போல இறக்கை கீழே இருக்கிற விமானத்தில் அந்த அழுத்தம் குறைவு, வாதமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆனிலேயே விடு என்பவரின் பயம் வேறு. மூடிய வால்வோடும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்பதுதான் அந்தப் பயம். வால்வுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள குழாயிலும், வடிகட்டிக் கிண்ணத்திலும், கார்புரேட்டரிலும் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் மிச்சம் இருக்கும். பழைய பைக்கில் டேப்பைத் திறக்காமல் உதைத்தாலும் வண்டி கிளம்பி, தெருமுனை தாண்டி நின்றுபோகுமே, அதே கதை. ஆனால் இங்கே கணக்கு இன்னும் மோசமாக விழுகிறது. செமினோலில் இருக்கிற 180 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின் முழு விசையில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடிக்கும். தரையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது அதில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். ஆக, குழாயில் இருக்கிற அந்தக் கொஞ்சம் பெட்ரோல், ஸ்டார்ட் செய்யவும், ஓடுபாதையை நோக்கி ஊரவும் தாராளமாகப் போதும் என்று காட்டிக்கொண்டே வரும். த்ராட்டிலை முழுக்கத் தள்ளிய பிறகு விறுவிறுவென்று தீரும். சக்கரம் தரையை விடும் நேரம் பார்த்து எஞ்சின் அடங்கினால், அதைவிடக் கெட்ட இடம் வானத்தில் வேறு இல்லை.

இரண்டு பக்கத்தையும் எடைபோட்டால் என் கட்சி இது: பலர் மாறி மாறி ஓட்டுகிற பயிற்சி விமானத்தில், கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, ஆனிலேயே விடுவது நல்லது. ஒருவரே வைத்திருக்கிற, ஒருவரே ஓட்டுகிற, மூடிய ஹேங்கரில் தூங்குகிற விமானம் என்றால் ஆஃப் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் பள்ளியில் நடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரே விமானத்தைக் காலையில் ஒருவர் ஆஃப் செய்துவிட்டுப் போகிறார், மத்தியானம் ஏறுகிற மாணவருக்கோ இன்னொரு பயிற்றுநர் "அது எப்பவும் ஆனில்தான் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இந்தக் கலப்படம்தான் ஆபத்து. இருவரையும் உட்காரவைத்து ஒரே முறைக்கு வரச் சொல்லித் தலைமைப் பயிற்றுநரிடம் கேளுங்கள். மாணவன் கேட்கலாமா என்று தயங்காதீர்கள், கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம் ஒன்று. ஆன் பழக்கம் உள்ள பள்ளியிலும் செலக்டர் ஆனில்தான் இருக்கும் என்று ஒருநாளும் நம்பாதீர்கள். முந்தைய பயிற்சியில் ஒரு எஞ்சினை அணைத்துக் காட்டுவதற்காகப் பயிற்றுநர் அதை ஆஃப் செய்திருப்பார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவிய மெக்கானிக் மூடிவிட்டுப் போயிருப்பார், அவர் மூடித்தான் ஆக வேண்டும். முன்னிருக்கைகளுக்கு நடுவே இருக்கிற அந்த லீவரில் ஒரு பை இடித்திருக்கலாம். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செக்லிஸ்டில் "ஃபியூயல் செலக்டர், ஆன்" என்ற வரி வரும்போது வாய் மட்டும் ஆன் என்று சொன்னால் போதாது. குனிந்து, கையை லீவரில் வைத்து, அது தன் பள்ளத்தில் டக்கென்று உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் உணர்ந்து, கண்ணால் பார்த்து, அப்புறம் சொல்லுங்கள். இரண்டு நிலைகளுக்கும் நடுவில் தொங்குகிற லீவர் பாதி மூடிய வால்வு. மெதுவாகப் போகும்போது அது ஒன்றும் காட்டாது, முழு விசை கேட்கும்போது எஞ்சினைப் பட்டினி போடும்.

தேர்வாளரும் இதைத்தான் பார்ப்பார். நீங்கள் ஆன் கட்சியா ஆஃப் கட்சியா என்று அவர் கேட்டால், "என் விமானக் கையேடு இப்படிச் சொல்கிறது, என் பள்ளி முறை இது, காரணம் இது" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

கேள்வி: நான் பைலட் இல்லை, பொறியியல் மாணவன். இரண்டு எஞ்சின் இருக்கும்போது ஒரு வால்வு மூடியிருந்தால் என்ன? இன்னொன்று இழுத்துக்கொண்டு போகாதா? ஒற்றை எஞ்சின் விமானத்துக்குத்தானே இவ்வளவு பயம் வேண்டும்?
(வாசகர், கோவை)

எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். ஆனால் உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் பாதி விசை போனால் பாதி ஏற்றம் போகும் என்று நினைக்கிறோம். ஏற்றத்துக்குக் கிடைப்பது, சமமாகப் பறக்கத் தேவையானது போக மீதமிருக்கும் விசை மட்டும்தான், அதனால் பெரும்பங்கு போய்விடும். செமினோலையே எடுத்துக்கொள்வோம். முழு எடையில், கடல் மட்டத்தில், சாதாரண வெப்பநிலையில், சக்கரங்களை மடக்கி, செத்த எஞ்சினின் ப்ரொப்பெல்லரைக் காற்றுக்கு எதிர்ப்பில்லாதபடி திருப்பி வைத்து, எல்லாம் சரியாகச் செய்தால் அது நிமிடத்துக்குச் சுமார் 200 அடிதான் ஏறும். சித்திரை வெயிலில் அதிலும் பாதி கரைந்துவிடும். சக்கரம் கீழே, ப்ரொப்பெல்லர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் ஏற்றமே இல்லை, இறக்கம்தான்.

இன்னொரு ஆபத்து, விமானம் பக்கவாட்டில் திரும்புவது. ஒரு பக்க எஞ்சின் முழு விசையில் தள்ள, மறுபக்கம் செத்துக் கிடந்தால், விமானம் செத்த பக்கம் திரும்பும். அதைச் சுக்கானை மிதித்துத் தடுக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். செமினோலில் அது 56 நாட், வேகமானியில் சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் எவ்வளவு மிதித்தாலும் பத்தாது, விமானம் புரண்டு விழும். ஒரு எஞ்சினில் நன்றாக ஏறுவதற்கான வேகம் 88 நாட், அது நீலக் கோடு. தரையை விட்ட அந்த முதல் சில நொடிகளில் விமானம் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் இருக்கும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி முன்னால் இறங்குவது ஒன்றே வழி, குழப்பமில்லை. இரட்டை எஞ்சினில், உயிரோடு இருக்கிற எஞ்சினே விமானத்தைக் கவிழ்த்துவிட முடியும்.

இரண்டு வால்வும் மூடியிருந்தால்? இரண்டு பக்கக் குழாய்களிலும் இருக்கிற மிச்சம் ஒரே நொடியில் தீரும் என்று சொல்ல முடியாது. முதலில் ஒன்று நிற்கும், பைலட் அதற்கான வேலைகளில் இறங்குவார், அப்புறம் மற்றதும் நிற்கும்.

டேங்கில் எரிபொருள் இருந்தும் எஞ்சினுக்குப் போய்ச் சேராமல் நிற்பது அபூர்வம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-ல் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பின்படி, 2011 முதல் 2015 வரை அந்த நாட்டில் எரிபொருள் நிர்வாகக் கோளாறால் ஆண்டுக்கு 50-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் நடந்திருக்கின்றன. அதில் 56 சதவீதம் எரிபொருள் அடியோடு தீர்ந்துபோனது, 35 சதவீதம் எரிபொருள் இருந்தும் எஞ்சினுக்குக் கிடைக்காமல் போனது.

கேள்வி: விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனிலேயே விடு என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அசைக்காமல் வைத்த வால்வு இறுகிவிடும். நிஜமாகவே எஞ்சினில் தீப்பிடிக்கிற அன்று லீவர் திரும்பாது. ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்தால் வால்வும் உயிரோடு இருக்கும் அல்லவா?
(வாசகர், பல்லாவரம், சென்னை)

ஐயா, வால்வை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் அதை அந்த வரியில் சேர்க்காமல் விட்டதால் தவறான அர்த்தம் வந்துவிட்டது. என் வாதம் எப்போது அசைப்பது என்பதில்தான். பறந்து முடித்து, களைத்து, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அசைத்துவிட்டுப் போகும்போது, அது சரியாக வேலை செய்ததா என்று பார்க்க அங்கே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்காது. அதே வேலையைக் காலையில், இரண்டு எஞ்சினும் தரையில் ஓடும்போது செய்தால், ஆனிலிருந்து க்ராஸ்ஃபீடுக்கு, அதாவது எதிர்ப்பக்க டேங்கிலிருந்து எரிபொருள் எடுக்கிற நிலைக்குத் தள்ளி, எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று சற்று நேரம் பார்த்து, திரும்ப ஆனுக்குக் கொண்டுவரலாம். வால்வும் அசைந்தது, எதிர்ப்பக்க டேங்கிலிருந்து எரிபொருள் வருகிறது என்றும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எஞ்சினை வேகம் ஏற்றிப் பார்க்கிற ரன்-அப் சோதனை வரவேண்டும், டேக்-ஆஃபுக்கு எந்த நிலையோ அதே நிலையில் வைத்து. ரன்-அப் முடிந்த பிறகு செலக்டரைத் தொடவே கூடாது. தொட்டால் ரன்-அப்பை மறுபடி செய்யுங்கள்.

லீவருக்கும் வால்வுக்கும் நடுவே கேபிளோ கம்பியோ இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், இளம் பைலட்டுகள் அதை மறந்துவிடுகிறார்கள். கைப்பிடி நிற்கிற இடம் ஒன்று, வால்வு நிற்கிற இடம் வேறொன்று என்று ஆக முடியும். கைப்பிடி இறுக்கமாக இருந்தாலோ, வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினாலோ, அந்த டக் சத்தம் காணாமல் போனாலோ, அன்றைக்குப் பறக்காமல் பதிவேட்டில் எழுதிவிட்டு உங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிட வேண்டும்.

ஆஃப் பழக்கத்தால் வருகிற ஒரு சிக்கலையும் உங்கள் முன் வைக்கிறேன். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கக் காலையில் ஒரு கோப்பையில் கொஞ்சம் வடித்துப் பார்க்கிறோம். வடிகட்டிக் கிண்ணம் வால்வுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிற விமானங்களில், வால்வு மூடியிருந்தால் வடிவது குழாயில் கிடந்த பழைய பெட்ரோல் மட்டும்தான். வால்வுக்கு முந்தைய குழாயில் தண்ணீர் நின்றால் அது அந்தக் கோப்பைக்கு வராது. ஆஃப் செய்து வைப்பவர்கள் முதலில் திறந்துவிட்டு, அப்புறம் வடிக்க வேண்டும். க்ராஸ்ஃபீட் குழாய்க்குத் தனி வடிகால் இருக்கிற விமானங்களில் அதையும் விடாமல் வடிக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் தாழ்ந்த இடம் தேடிப் போகும், அந்தக் குழாயில் அன்றாடம் ஓட்டமும் கிடையாது. கோப்பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். சிறு விமானங்களுக்கான 100 எல்.எல். பெட்ரோல் இளநீலம். அடியில் நிறமில்லாத குமிழோ கோடோ தெரிந்தால் தண்ணீர். ஆனால் கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடே தெரியாது, சுத்தமாக இருக்கிறது என்று கண் ஏமாந்துவிடும். அதனால் கோடு இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால் நீலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கிளப்பில் செஸ்னா 172 நிற்கிற இடம் ஒரு பக்கம் சரிவு. காலையில் போனால் ஒரு டேங்கில் குறைவாகவும் ஒன்றில் நிரம்பியும் இருக்கிறது. சில நாள் இறக்கைக்கு அடியில் சொட்டியும் இருக்கிறது. எங்கே கசிகிறது?
(வாசகர், ஈப்போ, மலேசியா)

கசிவாக இல்லாமலும் இருக்கலாம். 172-ல் செலக்டரை "போத்" (இரண்டும்) நிலையில் வைத்தால் இரண்டு டேங்கும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். சரிவில் நின்றால் மேட்டுப்பக்க டேங்கிலிருந்து பள்ளத்துப்பக்க டேங்குக்கு இரவெல்லாம் இறங்கும். அது நிரம்பியதும் காற்றுப்போக்குக் குழாய் வழியாக வெளியே சொட்டும். அதனால்தான் எரிபொருள் நிரப்பும்போது விமானம் சமமாக நிற்க வேண்டும், செலக்டர் இடது அல்லது வலதில் இருக்க வேண்டும் என்று செஸ்னா கையேடே சொல்கிறது. நிறுத்தும்போதும் அதையே செய்யுங்கள். பறக்கும் முன் திரும்ப "போத்" நிலைக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் 172-ல் டேக்-ஆஃபும் தரையிறக்கமும் அந்த நிலையில்தான். இடதில் வைத்த பிறகும் அதே இடத்தில் சொட்டினால் அது நிஜக் கசிவு, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

செமினோல், பீச்கிராஃப்ட் பேரன் (Baron) மாதிரி இரட்டை எஞ்சின் விமானங்களில் இரண்டு செலக்டரும் ஆனில் இருந்தால் ஒவ்வொரு எஞ்சினும் தன் பக்க டேங்கோடு மட்டும்தான் இணைந்திருக்கும். அங்கே சரிவுப் பிரச்சினை இப்படி வராது.

கேள்வி: அகமதாபாத் விபத்தில் ஃபியூயல் ஸ்விட்ச் என்று எல்லாச் செய்தியிலும் வந்ததே, நீங்கள் எழுதுவதும் அதுவும் ஒன்றா?
(வாசகி, மதுரை)

இல்லை அம்மா. 2025 ஜூன் 12 அன்று விழுந்தது ஏர் இந்தியாவின் போயிங் 787-8. விமானத்திலும் தரையிலுமாக 260 உயிர்கள் போயின. அதில் பேசப்பட்டது எஞ்சினுக்குள் எரிபொருளை விடவும் நிறுத்தவும் உள்ள கட்டுப்பாட்டு ஸ்விட்ச். விமானம் வாயிலில் வந்து நின்றதும் ஒவ்வொரு பயணத்திலும் எஞ்சினை அணைப்பதே அதை வைத்துத்தான். த்ராட்டில் லீவர்களுக்குக் கீழே இருக்கும். மேலே தூக்கி, அப்புறம் நகர்த்த வேண்டும், தள்ளினால் போகாது. சிறிய பெட்ரோல் விமானத்தில் எஞ்சினை அணைக்கிற அந்த வேலையைச் செய்வது மிக்ஸ்சர் லீவர். ஃபியூயல் செலக்டர் அதற்கும் பின்னால், டேங்குக்குப் பக்கத்தில் நிற்கிற வாசல்.

தரையை விட்ட சில நொடிகளில் இரண்டு ஸ்விட்சும் சுமார் ஒரு நொடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போயின, பிறகு திரும்ப இயக்க நிலைக்கு வந்தன என்பதுவரை முதற்கட்ட அறிக்கை சொன்னது. யார், ஏன், எப்படி என்பதை அது சொல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் இருக்கிற உலகத்தில் நான் அதற்கு மேல் ஊகித்து எழுத மாட்டேன்.

கேள்வி: டயமண்ட் டி.ஏ.42-ல் பயிற்சி பெறுகிறேன். வால்வைச் சோதித்த மாதிரியும் இருக்கும் என்று செலக்டரை ஆஃப் செய்தே எஞ்சினை நிறுத்தலாமா என்று நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. செய்யலாமா?
(மாணவி, உத்தரப் பிரதேசம்)

செய்யவே செய்யாதீர்கள். டி.ஏ.42-ல் இருப்பது ஜெட் எரிபொருளில் ஓடுகிற டீசல் எஞ்சின். அதன் உயர் அழுத்தப் பம்புக்கு உள்ளே ஓடுகிற எரிபொருள்தான் மசகும் குளிர்ச்சியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செலக்டரை மூடினால் பம்ப் வறண்டு கெட்டுப்போகலாம், செலக்டரால் எஞ்சினை நிறுத்தாதே என்று அந்த விமானத்தின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நிறுத்துவதற்கு எஞ்சின் மாஸ்டர் ஸ்விட்ச் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நிஜமாகத் தீப்பிடித்தால் அது வேறு விஷயம், அப்போது பம்பைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

பெட்ரோல் எஞ்சினிலும் அன்றாடம் மிக்ஸ்சரை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் சிலிண்டருக்குள் இருக்கிற பெட்ரோல் எரிந்து தீர்ந்துவிடும். பிறகு யாராவது தெரியாமல் ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினாலும், மேக்னட்டோவில் ஏதாவது கோளாறு இருந்து பொறி விழுந்தாலும், உள்ளே பற்றுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு விமானத்தில் பழகியதை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: பாடகர் ஜான் டென்வர் இறந்ததும் இந்தச் செலக்டரால்தான் என்று படித்தேன். உண்மையா?
(வாசகர், நாகர்கோவில்)

பெரிய பங்கு அதற்கு உண்டு. 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவில் மாண்டெரே விமான நிலையத்திலிருந்து கிளம்பி பசிஃபிக் க்ரோவ் கரையோரம் கடலில் விழுந்தார். அது இரட்டை எஞ்சின் இல்லை, லாங்-ஈசி என்கிற, தனிநபர்கள் தாங்களே கட்டிக்கொள்கிற சிறிய ஒற்றை எஞ்சின் விமானம். அவர் அதைப் புதிதாக வாங்கியிருந்தார். வடிவமைப்பு வரைபடத்தில் செலக்டர் பைலட்டுக்கு முன்னால் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இதைக் கட்டியவர் எரிபொருள் குழாய் தன் இருக்கைப் பக்கம் வரக்கூடாது என்று அதைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று எழுதியும் வைக்கவில்லை. திருப்ப வேண்டுமானால் உடம்பை முறுக்கிப் பின்னால் எட்ட வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் சுக்கானை அழுத்திவிடும். விசாரணை வாரியம் வந்து சேர்ந்த முடிவும் அதுதான்: செலக்டரைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது சுக்கான் மிதிபட்டு, கட்டுப்பாடு போனது. கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பாததையும் வாரியம் ஒரு காரணமாகச் சொன்னது, அந்த வகை விமானத்தில் போதிய பழக்கம் இல்லாததைத் துணைக் காரணமாகச் சேர்த்தது.

இதில் என்னை வருத்துவது, கைப்பிடி எட்டவில்லை என்பது தரையில் இருந்தபோதே தெரிந்த விஷயம் என்பதுதான். கைப்பிடியை எட்டுவதற்காக ஒரு பிடிகுறடை மாட்டிப் பார்த்தார்கள், பின்னால் இருக்கிற அளவுமானியைப் பார்க்கக் கண்ணாடி ஒன்றைப் பராமரிப்பாளர் கொடுத்தார். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒரு மணிநேரம்தான் பறக்கப்போகிறேன் என்றிருக்கிறார். புது விமானத்தில் ஏறும் யாருக்கும் நான் சொல்வது: எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு செலக்டரைத் தொட்டுப் பாருங்கள். திருப்பும்போது கால் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: பழைய செஸ்னா 310 ஒன்றில் பங்கு வாங்கியிருக்கிறோம். அதில் மெயின், ஆக்ஸிலரி என்று டேங்குகள் தனித்தனி. நிறுத்தும்போது எதில் விடுவது? கூடவே இன்னொன்று, செமினோல் வைத்திருக்கிற நண்பர் க்ராஸ்ஃபீடில் விட்டுவிட்டே போகிறார், பரவாயில்லையா?
(வாசகர், டெக்சாஸ்)

310-ல் மெயினில் விடுங்கள். அதில் மெயின் டேங்க் என்பது இறக்கை நுனியில் தொங்குகிற அந்த நீளமான டேங்க்தான், இறக்கைக்கு உள்ளே இருப்பதுதான் ஆக்ஸிலரி, புதிதாக வருபவர்கள் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். டேக்-ஆஃபும் தரையிறக்கமும் மெயினில்தான், அதனால் அடுத்த பங்காளி ஏறும்போது செலக்டர் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கட்டும். காற்றில் போன பிறகும் உடனே ஆக்ஸிலரிக்கு மாற்றாதீர்கள். அந்த எஞ்சின் தேவைக்கு மேல் எரிபொருளை இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எந்த டேங்கிலிருந்து இழுத்தாலும் மிச்சம் போய்ச் சேருவது மெயினுக்குத்தான். மெயின் நிரம்பியிருக்கும்போது ஆக்ஸிலரியிலிருந்து இழுத்தால், திரும்பி வருகிற பெட்ரோலுக்கு இடமில்லாமல் காற்றுப்போக்கு வழியாக வெளியே கொட்டிவிடும். எவ்வளவு நேரம் மெயினில் பறந்த பிறகு மாற்றலாம் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும், அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி எல்லாப் பங்காளிகளும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள்.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். க்ராஸ்ஃபீடில் விடுவது வேண்டாம். அது ஒரு எஞ்சின் செத்த பிறகு, அந்தப் பக்க டேங்கில் இருக்கிற எரிபொருளை உயிரோடு இருக்கிற எஞ்சினுக்குக் கொடுப்பதற்காக, சமமாகப் பறக்கும்போது பயன்படுத்துகிற நிலை. அதை வைத்து டேக்-ஆஃப் செய்யக்கூடாது. அப்படி விட்டுவிட்டுப் போனால் அடுத்து ஏறுபவருக்கு எஞ்சின் அழகாக ஸ்டார்ட் ஆகும், ரன்-அப்பும் சுத்தமாக முடியும், தப்பு நடந்திருக்கிறது என்று எந்த அறிகுறியும் தெரியாது. ஆஃபில் விடுவதைக்கூட நான் ஒப்புக்கொள்வேன், இதை ஒப்புக்கொள்ள முடியாது. இன்றைக்கே அவரிடம் பேசிவிடுங்கள்.